பெண்பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பனுக்கு என்ன வேலை?

பிள்ளை பிறந்த வீட்டில் ஆண்களுக்கு வேலை இல்லை என்பது எமது கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த எண்ணமாகும். அதற்குக் காரணமும் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மணமான பெண் பெரும்பாலும் தனது சீதன வளவில், தாய்க்கும் சகோதரிகளுக்கும் அண்மையிலேயே வாழ்ந்தாள். மட்டக்களப்புப் பக்கத்திலும் வீடு பெண்பிள்ளைக்கே போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைதான் அங்கு வந்து குடியிருந்தான். ஆகவே பிள்ளை பிறந்ததும் அம்மம்மா குளிப்பாட்டினார், பெரியம்மா சரக்கு அரைத்தார், சின்னம்மா துணி தோய்த்தார். தகப்பன் விறாந்தையில் இருந்தான். துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரை அவன் பிள்ளையை எட்டிப் பார்த்தாலே போதும் என்று இருந்தது. இஸ்லாமியச் சகோதரர்களின் வீடுகளில் அது நாற்பது நாளாக இருந்தது.

இந்த ஒழுங்கில் குறைகள் இருந்தன. ஆனாலும் அதில் ஒரு நன்மை இருந்தது: பிள்ளை பெற்றவள் தனியாக விடப்படவில்லை. அவளைச் சுற்றி நாலு பெண்களின் கைகள் இருந்தன.

அந்தக் கைகளைத்தான் இடப்பெயர்வு எம்மிடமிருந்து பறித்தது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குச் சென்ற முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சென்றவர்களும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் காணியையும் மாட்டையும் மட்டும் விட்டு வரவில்லை. அயலையும் விட்டு வந்தார்கள். ஒரே வளவில் இருந்த சகோதரிகள் ஒருத்தி கிளிநொச்சியிலும், ஒருத்தி வவுனியாவிலும், ஒருத்தி கடல் கடந்தும் ஆனார்கள். 1995இல் தாயின் தோளில் கிடந்து வந்த கைக்குழந்தைகளுக்கு இன்று முப்பது வயது. அவர்களே இப்போது தாயும் தகப்பனுமாகி இருக்கிறார்கள். காணி திரும்பக் கிடைத்த இடங்களிலும் அயல் முழுமையாகத் திரும்பிவிடவில்லை. வலிகாமம் வடக்கில் தமது காணிக்கு இன்னும் போக முடியாமல் வாடகை வீட்டிலோ உறவினர் வளவிலோ இருக்கும் குடும்பங்களும் உண்டு.

இந்த நிலையில் ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் இருப்பது கணவன் ஒருவன்தான். அவனும் பழைய வழக்கப்படி விறாந்தையில் இருந்தால் அந்த வீட்டில் வேலை செய்வது யார்? பிரசவத்தின்போது தையல் போடப்பட்டவளோ, வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கப்பட்டவளோ மூன்றாம் நாள் கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டியிருக்கிறது. இது வழக்கத்தைக் காப்பாற்றுவது ஆகாது. தாய்க்கு ஓய்வு கொடுப்பதற்காகவே அந்த வழக்கம் இருந்தது. ஓய்வு போன பின்னர் துடக்கு மட்டும் மிஞ்சி என்ன பயன்? பெண்கள் கூட்டமாகச் செய்த வேலையை இன்று தகப்பன் தன் கையில் எடுக்க வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

கமக்காரனுக்குத் தெரிந்த வேலைதான்

"பச்சைக் குழந்தையைத் தூக்க ஆம்பிளைக்கு வராது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். நாம் அதை ஏற்பதில்லை. கன்று போடும் பசுவுக்கு இரவிரவாக லாந்தரோடு காவல் இருப்பவன் கமக்காரன். மிளகாய் நாற்று வெயிலில் வாடாமல் ஓலை குத்தி நிழல் கொடுத்து, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளிப்பவன் அவன். நாற்றுமேடையில் விட்ட பிழையைப் பின்னர் எவ்வளவு பசளை போட்டாலும் திருத்த முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். பிறந்த பிள்ளையின் முதல் வாரங்களும் அப்படிப்பட்டவையே.

பால் கொடுப்பது ஒன்றைத் தவிர அந்த வீட்டில் மற்றெல்லா வேலையையும் ஆண் செய்யலாம். பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். இரவென்றும் பகலென்றும் அதற்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் தாய்க்குத் தாகம் எடுக்கும், பசி எடுக்கும். ஒரு செம்பு தண்ணீரும் ஒரு கோப்பை கஞ்சியும் அவள் கேட்குமுன் பக்கத்தில் இருக்க வேண்டும். குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை வரும்வரை முதுகைத் தடவுவது தகப்பனின் வேலையாகட்டும். துணி தோய்ப்பதும், நல்ல வெயிலில் காயப் போடுவதும், ஏணை கட்டுவதும், நுளம்பு வலை போடுவதும் அப்படியே. மலேரியா எமது நாட்டை விட்டுப் போய்விட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனால் டெங்கு போகவில்லை. வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சிரட்டை, பழைய டயர், உடைந்த பானை என்பவற்றை அப்புறப்படுத்துவதும் பிள்ளையைப் பராமரிப்பதன் ஒரு பகுதியே. சிறு கொட்டிலில் அடுப்புப் புகை பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. அடுப்பை வெளியே மாற்றிக் கொடுங்கள். சுருட்டோ பீடியோ புகைப்பவர்கள் இந்த நாட்களில் அதை வீட்டுக்குள் கொண்டு வரவே கூடாது.

பிள்ளை நிறை குறைந்து பிறந்தால் தகப்பனின் நெஞ்சே மருந்தாகும். 1978ஆம் ஆண்டளவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், நிறை குறைந்த பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கப் போதிய கருவிகள் இல்லாதபோது, எட்கார் ரே என்ற வைத்தியர் ஒரு வழி கண்டார். பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி அணைத்து, துணியால் சுற்றிக் கட்டிவிடுவதே அந்த வழி. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருப்பது போன்ற இந்த முறை இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. தாய் நித்திரை கொள்ளும் நேரத்தில் தகப்பனின் மார்பும் இதே சூட்டைக் கொடுக்கும். இதற்குக் காசு தேவையில்லை.

முதல் வாரத்தில் பிள்ளையின் நிறை சற்றுக் குறைவது இயல்பு. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை இருநூறு, முந்நூறு கிராம் வரை குறைந்து, இரண்டு கிழமைக்குள் பழைய நிறைக்கு வரும். இதைக் கண்டு பயந்து "பால் காணாது" என்று மாப்பாலோ, சீனித் தண்ணீரோ, பசுப்பாலோ பருக்கக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். பங்குனி, சித்திரை வெயிலிலும் வேறு தண்ணீர் தேவையில்லை. தொப்புள் கொடி ஒன்று இரண்டு கிழமையில் தானாகக் காய்ந்து விழும். அதில் சாம்பலோ எண்ணெயோ பூசக் கூடாது. பெரியவர்கள் வேறு விதமாகச் சொல்லும்போது மனைவி தனியாக நின்று வாதாட முடியாது. "டொக்டர் இப்படித்தான் சொன்னவர், ஆச்சி" என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டியவன் கணவனே.

குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நாம் மருத்துவமாது என்று அழைப்பவர், முதல் பத்து நாட்களுக்குள் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டியவர். அவர் வரும்போது தகப்பன் பின்பக்கமாக வெளியே போய்விடக் கூடாது. பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். வாடகைக்கு வந்த புதுக் குடும்பமென்றால் அவரைத் தேடிச் சென்று விலாசம் கொடுப்பதும் தகப்பனின் பொறுப்பு.

சில அடையாளங்களைத் தகப்பன் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பால் இழுக்காமல் சோர்ந்து கிடந்தால், உடம்பு கொதித்தால் அல்லது குளிர்ந்து போனால், மூச்சு வேகமாக வாங்கினால், வலிப்பு வந்தால், மஞ்சள் நிறம் முதல் நாளிலேயே தெரிந்தால் அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தாய்க்கு இரத்தப்போக்கு கூடினாலும், காய்ச்சல் வந்தாலும், தலையிடி கடுமையாகிப் பார்வை மங்கினாலும், கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும் அப்படியே. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெற்ற முதல் நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மாருக்கு நடப்பதே. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாகியும் அவள் பேசாமல், உண்ணாமல், பிள்ளையைப் பார்க்க மனமில்லாமல் இருந்தால் அது நோய். போரில் தாயையோ சகோதரனையோ இழந்தவளுக்குப் பிள்ளைப்பேற்று வேளையில் அந்தத் துயரமும் சேர்ந்து எழும்பும். அவளை ஏசாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

"பெட்டைப் பிள்ளையோ?"

இவ்வளவும் ஆண் பிள்ளைக்கும் பொருந்தும். ஆனால் பெண் பிள்ளை பிறந்த வீட்டில் இன்னுமொரு சுமை இருக்கிறது. "பெட்டைப் பிள்ளையோ?" என்று அயலவர் கேட்கும் கேள்வியிலேயே ஒரு பெருமூச்சு கலந்திருக்கும். தேசவழமை வழக்கில் காணி சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போவது. காணி இருந்த காலத்தில் மகள் பிறந்தால் "இந்தத் துண்டு இவளுக்கு" என்று தகப்பன் ஒரு வரம்பைக் காட்டினான். இன்று உறுதி ஒரு பைக்குள் இருக்கிறது. காணி முட்கம்பிக்கு அப்பால் இருக்கிறது, அல்லது பற்றையாகிக் கிடக்கிறது. ஆகவே மகளின் முகத்தைப் பார்க்கும் தகப்பன் முதலில் காண்பது தனது கடனையே. இந்தக் கவலையில் சிலர் பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாளே தூர இடத்துக்குக் கூலிக்குப் போகிறார்கள். சிலர் தவறணைப் பக்கம் போகிறார்கள்.

இந்தத் தகப்பன்மாரின் கவலை பொய்யானதல்ல. ஆனால் காணி போனது அந்தப் பிள்ளையால் அல்ல. இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் கொடுக்க வேண்டியதை நினைத்து, இந்தக் கிழமை கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுவது எந்தக் கணக்கிலும் சேராது. ஏழு நாள் பிள்ளைக்குச் சீதனம் தேவையில்லை. சூடும் பாலும் சுத்தமும் தேவை. இரவில் மகளைத் தோளில் போட்டு நடந்த தகப்பன், பின்னர் அவளைக் கடன் என்று எண்ணமாட்டான் என்று நாம் நம்புகிறோம். அவளைப் படிப்பிக்க வேண்டுமா என்ற கேள்வியும் அவனுக்கு எழாது.

காணியில்லாத தகப்பனும் மகளுக்கு உடனே கொடுக்கக்கூடிய உறுதி ஒன்று உண்டு. அது பிறப்புச் சான்றிதழ். பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பிள்ளை எந்தப் பிரிவில் பிறந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடமே பதிவு நடக்கும். ஆகவே தூர ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால், அங்கிருந்து வெளிக்கிடுமுன்னரே விசாரித்துச் செய்துகொள்ளுங்கள். இடப்பெயர்வில் சான்றிதழைத் தொலைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் எத்தனை கந்தோர்களுக்கு அலைந்தோம் என்பது எம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதிய பெயர் சரியா, திகதி சரியா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

கூலி நாளும் அயலவரும்

"வீட்டில் இருந்தால் அன்றைய கூலியை யார் தருவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2006ஆம் ஆண்டின் சுற்றறிக்கைப்படி, மனைவி பிள்ளை பெற்றால் அரசாங்க உத்தியோகத்தருக்கு மூன்று நாள் விடுமுறை உண்டு. கமக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் விடுமுறை தர எவரும் இல்லை. ஆனால் எமக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. உன் வயலில் நான், என் வயலில் நீ என்று மாறி மாறி வேலை செய்தவர்கள் நாம். அரிவி வெட்டுக்கும் வேலி அடைப்புக்கும் செய்ததை ஒரு பிள்ளைப்பேற்றுக்கும் செய்யலாம். ஒருவனுடைய வீட்டில் பிள்ளை பிறந்தால், முதல் பதினான்கு நாளும் அவனுடைய தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவதை அயலில் உள்ள இருவர் பொறுப்பேற்கட்டும். அடுத்த பிள்ளை பிறக்கும் வீட்டுக்கு அவன் அந்தக் கடனைத் திருப்பிச் செய்யட்டும். மாதர் சங்கம் ஒரு நேரச் சாப்பாட்டை முறை வைத்துக் கொடுக்கலாம். இரண்டு மாதம் முன்னதாகவே தகப்பன் விறகு வெட்டி அடுக்கி, அரிசியும் சரக்கும் சேர்த்து வைக்கலாம்.

இதற்கு எந்த நிறுவனத்தின் உதவியும் தேவையில்லை. உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். இந்தப் போகத்தில் எந்தெந்த வீடுகளில் பிள்ளை பிறக்க இருக்கிறது, அந்த வீட்டில் தாய்க்குத் துணை யார், தோட்டத்துக்குத் துணை யார் என்று பெயர் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் தாய்க்குத் துணை என்ற இடத்தில் முதலாவதாகத் தகப்பனின் பெயர் இருக்கட்டும்.