மாற்றிகளின் மகத்துவமும் பூஞ்சணம் பூத்த நாடாக்களும்

புத்தக அலமாரியின் இருபுறமும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், கீழ்த்தட்டில் ஓர் ஆம்ப்ளிஃபயர், அதற்கும் முன்னால் ‘டாக்’ என்று செல்லமாக அழைக்கப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி. இசை கேட்கும் இலக்கிய நண்பர்கள் பலரது வீட்டில் இன்று காணக்கிடைக்கும் காட்சி இது. இதில் குறைகாண ஒன்றுமில்லை. எங்களுக்கு வழக்கு அந்தப் பெட்டியைச் சுற்றி எழுப்பப்படும் பேச்சோடுதான். மூவாயிரம் ரூபாய் மாற்றியையும் மூன்று லட்ச ரூபாய் மாற்றியையும் அருகருகே வைத்து, ஒன்றில் வீணை ‘உயிர்க்கிறது’ என்றும் மற்றதில் ‘செத்துக்கிடக்கிறது’ என்றும் தீர்ப்பெழுதும் வழக்கத்தை ரசனை என்ற பெயரால் இனியும் மன்னிக்கலாகாது. அத்தீர்ப்புகளில் பெரும்பாலானவை சோதனையைத் தாங்காதவை என்பது முதற்காரணம். தமிழ் ஒலிப்பதிவுகள் எந்த இடத்தில் அழிந்துகொண்டிருக்கின்றனவோ அந்த இடத்திலிருந்து நம் கவனத்தை அவை திருப்பிவிடுகின்றன என்பது இரண்டாவது, அதுவே முக்கியமானது.

முதலில் மாற்றி செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். 1982இல் ஜப்பானில் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது வகுக்கப்பட்ட கணக்கு எளியது. ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாக, 16 பிட் எண்ணாக, எழுதிவைக்கப்படுகிறது. அந்த எண்களிலிருந்து மீண்டும் மின்னலையை எழுப்புவதே மாற்றியின் தொழில். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் இசை விட்டுப்போகிறது, நாம் கேட்பது படிக்கட்டாக உடைந்த அலை என்று பலர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். கொதெல்னிகோவ் 1933இலும் ஷானன் 1949இலும் எழுதிய தேற்றம் இந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. அலையிலுள்ள உச்ச அதிர்வெண்ணின் இருமடங்கைவிட அதிகமான வேகத்தில் அளந்தால், இடைப்பட்ட அலை முழுவதையும் மீட்டுவிடலாம். மனிதச் செவியின் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. 16 பிட் தரும் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும் அறையில் அமர்ந்து, அதற்கும் கீழே ஒலிக்கும் இரைச்சலின் ‘கருமை’ பற்றி விவாதிப்பவர்களை என்னவென்பது?

மாற்றிகளுக்கிடையே மெய்யான வேறுபாடு இருந்த காலம் ஒன்று உண்டு. பிலிப்ஸ் நிறுவனத்தின் முதல் குறுந்தகட்டுக் கருவிகள் 14 பிட் சில்லுகளைக்கொண்டு, நான்கு மடங்கு வேகத்தில் எண்களைப் பெருக்கி ஓட்டி, 16 பிட் தரத்தை எட்டின. வடிகட்டிகள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. இன்று நிலைமை வேறு. ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட மலிவான சில்லுகளின் பிழைகூட செவிப்புலனின் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது.

இனி, ஒப்பிடும் முறைக்கு வருவோம். இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களிடம் கவிதைகளைக் கவிஞர் பெயரின்றிக் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். பெயரின் நிழல் விலகியதும் எத்தனை தடுமாற்றங்கள் வெளிப்பட்டன என்பதை 1929இல் வெளிவந்த அவருடைய நூல் காட்டிற்று. நம்மிடையே சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கி அலசல் விமர்சனத்துக்காக வாதாடியதும் இதையொட்டிய கவலையால்தான்: நன்றாக இருக்கிறது என்றால், எங்கே, எதனால் என்று பிரதியைத் தொட்டுக் காட்ட வேண்டும். கவிதை விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் நண்பர்கள், மாற்றி விஷயத்தில் மட்டும் தேன், பட்டு, வெல்வெட், பனித்துளி என்று அணிந்துரை மொழிக்குத் திரும்பிவிடுவது ஏன்? பெட்டியின் விலையையும் பெயரையும் பார்த்துக்கொண்டே எழுதும் மதிப்புரை, ஆசிரியரின் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதும் மதிப்புரைக்கு எவ்வகையில் மேல்?

தவளக்குப்பத்தில் நண்பர் ஒருவரின் மாடியறையில் கூடி நாங்கள் இசை கேட்பதுண்டு. அங்கே நாங்கள் வைத்திருக்கும் விதிகள் மூன்று. முதலாவது, இரு மாற்றிகளின் ஒலியளவும் சமமாக்கப்பட வேண்டும். ஒரு மாற்றி 2 வோல்ட் தருகிறது, மற்றது 2.5 வோல்ட் தருகிறது என்றால் வேறுபாடு ஏறத்தாழ 2 டெசிபல். இவ்வளவு சிறிய வேறுபாட்டைச் செவி ‘உரக்க’ என்று உணர்வதில்லை. ‘தெளிவாக’, ‘நெருக்கமாக’ என்றே உணர்கிறது. மாற்றிகளின் மகத்துவத்தில் பெரும்பகுதி இந்த அரை வோல்ட்டில் அடங்கிவிடும். ஆகவே 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, 0.1 டெசிபலுக்குள் சமன்செய்கிறோம். இரண்டாவது, எது ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. மூன்றாவது, மாற்றம் நொடியில் நிகழ வேண்டும்; கம்பியைப் பிடுங்கிச் செருகும் நேரத்துக்குள் ஒலியின் நுண்நினைவு கரைந்துவிடும். இம்மூன்று விதிகளுக்குப் பின் உரிச்சொற்கள் வற்றிவிடுகின்றன. எது எதுவெனச் சொல்வது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கு மேல் போவதில்லை.

இது எங்கள் மாடியறையோடு முடிந்த கதையல்ல. பிராட் மேயர், டேவிட் மோரான் இருவரும் 2007இல் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தெளிவுப் பதிவுகளை நேரடியாகவும், இடையே குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கி மீண்டும் ஏற்றியும் மாறிமாறிக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. பாதிக்கும் சற்றுக் குறைவு. எதிர்த்தரப்பு சுட்டும் ஆய்வையும் மறைக்க வேண்டியதில்லை. ஜோஷுவா ரீஸ் 2016இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உயர்தெளிவை இனங்காண்பது 52.3 சதவீதம் என்றும், பயிற்சிபெற்றவர்களிடம் அது கூடுதல் என்றும் கண்டார். இருக்கட்டும். மூச்சை அடக்கிக் கேட்டு நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படும் வேறுபாட்டை, அடுத்த அறையிலிருந்தே கேட்கும் என்று எழுதலாமா?

‘பழைய ஏணிவகை மாற்றியில் வித்தியாசம் நிச்சயம் கேட்கிறதே’ என்பவர்களும் உண்டு. கேட்கலாம். எண்களைப் பெருக்காமலும் வடிகட்டாமலும் அப்படியே வெளிவிடும் சில கருவிகளில், 20,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி 3 டெசிபலுக்கு மேல் தாழ்கிறது. அந்த மென்மை சிலருக்குப் பிடிக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் ட்ரெபிள் குமிழைச் சற்று இடப்பக்கம் திருப்பினால் கிட்டத்தட்ட அதே இதம் காசில்லாமல் கிடைக்கும். விரும்பியவர் வாங்கட்டும், அதற்குச் ‘சத்தியம்’ என்று பெயர்சூட்ட வேண்டாம்.

இனிதான் நாங்கள் சொல்ல வந்தது. மாற்றம் இருதிசையில் நிகழ்கிறது. எண்ணை ஒலியாக்குவது ஒன்று. ஒலியை எண்ணாக்குவது மற்றொன்று. முன்னது நம் வீட்டில் தினமும் நிகழ்வது. இன்று தவறினால் நாளை வேறு பெட்டி வாங்கலாம். பின்னது பெரும்பாலும் ஒரே ஒருமுறை நிகழ்வது, தவறினால் தவறியதுதான். ஒலிக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, பாதுகாப்புப் பணியில் மிக முக்கியமான கருவியாகச் சுட்டுவது இந்த அனலாக்-டிஜிட்டல் மாற்றியைத்தான். குறைந்தது 48,000 அளவுகள், 24 பிட் என்று அது வரையறுக்கிறது. நம்மிடம் எத்தனை பதிவுகள் அப்படி ஏற்றப்பட்டன? கணினியின் மைக் துளையில் கம்பியைச் செருகி, நேரே எம்.பி.3 ஆக்கி, மூலத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டதுதானே பரவலான நடைமுறை?

எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். 1933இல், 27 வயதில் மறைந்த அவருடைய குரல் நமக்கு எஞ்சியிருப்பது 78 சுழற்சி இசைத்தட்டுகளின் வழியாகத்தான். ‘78’ என்பது பெரிதும் பெயரளவு. அக்காலப் பதிவுகளின் வேகம் சற்று ஏறியும் இறங்கியும் இருந்தது. 76 சுழற்சியில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ கால் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் விரைந்துவிடும். நாம் வியப்பது கிட்டப்பாவின் உச்சஸ்தாயியையா, தட்டை ஓட்டியவரின் அலட்சியத்தையா? எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியை அகன்ற 78 பள்ளத்தில் இறக்கினால் அது அடியிலுள்ள குப்பையைத்தான் வாசிக்கும். பிறகு அந்த இரைச்சலை நீக்க மென்பொருளை ஏவினால், இரைச்சலோடு சேர்த்துத் தம்புராவின் ரீங்காரமும் மிருதங்க வலந்தலையின் நாதமும் வழித்தெடுக்கப்படும். இவை போதாவென்று, 1950களின் ஒற்றைத்தடத் திரைப்பாடல்களுக்கு எதிரொலி சேர்த்து ‘ஸ்டீரியோ’ என்று விற்றதும் நடந்தது. இப்படிக் கெட்டுப்போன கோப்பைத்தான் நண்பர் மூன்று லட்ச ரூபாய் மாற்றியில் ஓட்டி ‘மூலத்துக்கு அருகில்’ என்கிறார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்து. சிதைந்த பாடத்தை உயர்ந்த தாளில் அச்சிட்டால் பாடம் திருந்திவிடுமா?

புகழ்பெற்ற குரல்களுக்காவது வேறு எங்கேனும் இன்னொரு தட்டு இருக்கும். தவளக்குப்பத்திலிருந்து பாகூர் வரையிலான ஊர்களின் ஒலிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. விடியவிடிய நடந்த தெருக்கூத்தை ஊர்க்காரர்களே டேப் ரெக்கார்டர் வைத்துப் பிடித்த கேசட்டுகள், ஒப்பாரிகள், நடவுப் பாட்டுகள், மைக் செட்காரர்களின் பரணில் கிடக்கும் தட்டுகள்: பெரும்பாலானவற்றுக்கு மறுபடி இல்லை. கடற்காற்றின் ஈரம் நாடாவின் பசையை இளக்குகிறது, சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்கிறது, பூஞ்சணம் பூக்கிறது. மிஞ்சிய கேசட்டையும் ஹெட் இம்மியளவு சாய்ந்த பிளேயரில் ஓட்டிப் பதிவேற்றினால் உச்ச ஒலிகள் மழுங்கிவிடும். சிறு திருப்புளியால் ஒரு திருகாணியைத் திருகினால் சரியாகிவிடக்கூடிய குறை அது. அதைச் செய்யாமல் விட்டதை எந்த நாட்டு மாற்றியும் பின்னர் ஈடுகட்டாது.

எழுத்துக்கு இந்த மண்ணில் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு ஆயிரத்து நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. புதுவையில் காக்கப்படும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒலியின் கதியோ வேறு. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் பிரதி ஒன்றுகூட எஞ்சவில்லை. அமெரிக்காவில் 2008இல் யுனிவர்சல் ஸ்டுடியோவில் பற்றிய தீயில் மூலநாடாக்கள் எரிந்ததே பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் பரவலாக வெளியே தெரிந்தது. பணக்கார நாட்டிலேயே அப்படியென்றால், பரணில் கிடக்கும் கூத்துக் கேசட் அழிந்த செய்தி யாருக்கு எட்டும்?

ஆகவே மாற்றி வாங்கும் நண்பர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். செவ்வையாக இயங்கும் ஒரு மாற்றியை வாங்கி, அத்தோடு அந்த விவாதத்தை முடியுங்கள். அடுத்த மாற்றிக்கென ஒதுக்கிய பணத்தில் 78 தட்டுக்கான சரியான ஊசி, பழுதுநீக்கிய ஒரு கேசட் டெக், நல்ல அனலாக்-டிஜிட்டல் மாற்றி மூன்றையும் வாங்கலாம், மீதியும் இருக்கும். தட்டின் எண், ஓட்டிய வேகம், ஊசி, நாள் ஆகியவற்றைக் கோப்போடு எழுதிவையுங்கள். இரைச்சல் நீக்காத முதற்பிரதியை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். திருத்துவதாயின் நகலில் திருத்துங்கள். மூலத்தை இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். இசைத்தட்டு மதிப்புரை எழுதும் சிற்றிதழ்கள், இந்த விவரங்கள் இல்லாத மறுவெளியீட்டைப் பதிப்புரை இல்லாத பழந்தமிழ் நூலைப்போலவே நடத்தட்டும்.

இளகி ஒட்டிய நாடா பல சமயம் ஒரே ஒருமுறைதான் முழுதாக ஓடும். அந்த ஒருமுறை அது எந்தக் கருவியில், யார் கையில் ஓடப்போகிறது என்பதைத்தான் நாம் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.