பட்டாளத்துக்காரர் பஞ்சாயத்துக்கு வந்தால்...

"ஒரு மிலிட்டரிக்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள், ஊர் ஒரே வருஷத்தில் உருப்பட்டுவிடும்!" டீக்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கை சுத்தம், நேரம் தவறாமை, கட்டுப்பாடு என்று காரணங்களையும் அடுக்குவார்கள். பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பட்டாளத்திலிருந்து ஊருக்கு எதைக் கொண்டு வரலாம், எதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அண்ணா ஹசாரே. 2011-ல் டெல்லியில் உண்ணாவிரதம் இருந்த ஹசாரே அல்ல, அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஹசாரே. ராணுவத்தில் லாரி டிரைவர். 1965 போரில் கேம்கரண் பகுதியில் உயிர் தப்பியவர். பென்ஷனுக்குத் தேவையான 15 ஆண்டுகளை முடித்துவிட்டு, 1975-ல் சொந்த ஊரான ராலேகாண் சித்திக்குத் திரும்பினார். மகாராஷ்டிராவில் அகமத்நகர் மாவட்டம் (2024 முதல் அகில்யாநகர்), மழை குறைந்த பூமி. விவசாயம் பொய்த்துப்போய், சாராயம் காய்ச்சுவதே பலருக்குப் பிழைப்பாக இருந்தது.

வந்தவர் முதலில் உத்தரவு போடவில்லை. தன் சேமிப்புப் பணத்தைப் போட்டு, இடிந்து கிடந்த கோயிலைப் புதுப்பித்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஊரார் கை கொடுத்தார்கள். தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, மரம் வெட்டத் தடை, மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்தன. கிணறுகளில் நீர் ஏறியது. பெரிய வேலையைச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, சாமான் கணக்கு எழுதுவது, தானும் மண்வெட்டி பிடிப்பது... இவையெல்லாம் எந்த ஹவில்தாருக்கும் பழகிய காரியங்கள். பல பஞ்சாயத்துகளில் இல்லாததும் இவைதான்.

கதையின் மறுபாதியைப் பாராட்டுரைகளில் யாரும் சொல்வதில்லை. அந்த ஊரில் குடித்துவிட்டு வந்தவர்களைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். தாய் பிள்ளையைக் கண்டிப்பது போலத்தான் அது என்று ஹசாரே நியாயம் சொன்னார். ஊராட்சி என்பது தாயும் பிள்ளையுமா என்ன? பட்டாளத்தில் இருப்பவர் ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதி கொடுத்துச் சேர்ந்தவர். ஊரில் இருப்பவர் வாக்காளர். கிராம சபையில் எழுந்து, "இந்தக் கணக்கு சரியில்லை" என்று தலைவரையே கேட்க அவருக்கு உரிமை உண்டு. கம்பத்தில் கட்டப்பட்டதைப் பார்த்தவர் அப்படி எழுந்து கேட்பாரா?

அடிக்காமல் சாராயத்தை ஒழித்திருக்க முடியாது என்பார்கள் சிலர். அதே மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் என்று ஒரு கிராமம். 1989-ல் அங்கே சர்பஞ்சாக வந்த போபட்ராவ் பவார் பட்டாளத்துக்காரர் அல்ல, எம்.காம் படித்த கிரிக்கெட் ஆட்டக்காரர்! ராலேகாண் சித்தியைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்தான். ஆனால் அங்கே சாராயக் கடைகள் போனது பேச்சினாலும் கிராம சபைத் தீர்மானத்தினாலும். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கிடையாது, கரும்பு கிடையாது, எந்தப் பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஆண்டுதோறும் ஊர் கூடிக் கணக்குப் போடுகிறது. கட்டுப்பாடு பட்டாளத்துக்குக் குறைந்ததல்ல, பிரம்புதான் இல்லை.

இது இப்போது பேச வேண்டிய விஷயம். 2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டப்படி, சேர்ந்தவர்களில் அதிகபட்சம் கால் பங்கினருக்கே ராணுவத்தில் தொடர இடம். மற்றவர்கள் நான்கே ஆண்டுகளில், பென்ஷன் இல்லாமல், இருபதுகளின் வயதிலேயே ஊர் திரும்புவார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு இதுவரை தரப்படும் மறுவாழ்வுப் பயிற்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது செக்யூரிட்டி வேலைதான். கேட்டில் நின்று சல்யூட் அடிக்கவா அத்தனை பயிற்சி? ஊராட்சிக் கணக்கு எழுதுவது, கிராம சபையை நடத்துவது, எதிர்த்துப் பேசுபவரை உட்கார வைத்துக் கேட்பது, இவற்றையும் ஒரு மூன்று மாதம் சொல்லித் தந்தால் என்ன? அந்தக் கடைசிப் பாடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாதம் ஒதுக்கலாம்.