ஜப்பானில் ஒற்றை அறைக் குடித்தனம்: ஆனைக்கரை ஊராருக்கு ஒரு திறந்த மடல்

ஆனைக்கரையிலிருந்து ஜப்பானுக்குப் புறப்படும் இளையவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும்,

ஜப்பானிய நகரங்களில் தனியாள் தங்கும் வாடகை வீடு பெரும்பாலும் 20 முதல் 25 சதுர மீட்டர் வரை இருக்கும். சதுர அடியில் சொன்னால் 215 முதல் 270 வரை. படுக்க ஓர் அறை, நடையை ஒட்டிய சமையல் மேடை, குளியலறை, கழிப்பறை, இவ்வளவுதான். வீட்டு விளம்பரங்களில் '1கே' என்று குறிப்பிடுவது இதைத்தான். அறையின் அளவை 'ஜோ' என்ற பாய்க் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஜோ குறைந்தது 1.62 சதுர மீட்டர். ஆறு ஜோ அறை ஏறக்குறைய 10 சதுர மீட்டர். தனியாளுக்குக் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர் வேண்டும் என்பது அரசின் வீட்டுவசதி அளவுகோல். ஆனாலும் அதைவிடச் சிறிய அறைகளும் டோக்கியோவில் நிறையவே வாடகைக்குக் கிடைக்கின்றன.

தமிழர்கள் உட்பட இந்தியர்கள் மிகுதியாக வாழும் இடம் டோக்கியோவின் எதொகாவா வட்டத்திலுள்ள நிஷி-கசாய். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க வந்த மென்பொருள் பணியாளர்கள் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். அலுவலகங்கள் நிறைந்த ஓதெமாச்சிக்குத் தோசாய் ரயிலில் நேராகப் போய்வரலாம் என்பது ஒரு காரணம். ஜாமீன் ஆளும், திருப்பித் தராத அன்பளிப்புப் பணமும் கேட்காத 'யு.ஆர்.' அரசுசார் குடியிருப்புகள் அங்கே இருப்பது இன்னொரு காரணம். முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கான 'குறிப்பிட்ட திறன்' விசா 2019 ஏப்ரலில் தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்த விசாவில் செல்பவர்கள் தலைநகரத்துக்கு வெளியே சிறு ஊர்களிலும் தங்க நேரும். வீட்டு ஒழுங்கைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் நிபந்தனைகள் ஒன்றே.

வாடகை வீடு பொதுவாக வெறுமையாகத்தான் கைக்கு வரும். கூரையில் விளக்கு மாட்டும் கொக்கி இருக்கும், விளக்கு இருக்காது. சன்னலில் திரைச்சீலைக் கம்பி இருக்கும், சீலை இருக்காது. பல வீடுகளில் அடுப்பைக்கூட வாங்கித்தான் வைக்க வேண்டும். சாமானை இறக்குவதற்கு முன் சுவர், தரை, சன்னல் விளிம்பு, குளியலறை ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுத்து வைப்பது முதல் வேலை. காலி செய்யும்போது வீட்டைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் அடிப்படை. இதற்கான அரசு வழிகாட்டுதல் 1998-இல் வெளிவந்தது. இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்பதை 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தம் உறுதிப்படுத்தியது. நாள்காட்டி மாட்டிய குண்டூசித் துளை இயல்பான தேய்மானம். ஆணியோ திருகாணியோ சுவர்த்தாளுக்குப் பின்னுள்ள பலகையைத் துளைத்திருந்தால் செலவு குடியிருந்தவர் தலையில் விழும். துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கும், கவனிக்காமல் பரவவிட்ட பூஞ்சையும் அப்படியே. சுவர்த்தாளின் மதிப்பு 6 ஆண்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போவதாக அந்த வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. எனவே நெடுநாள் குடியிருந்தவரிடம் முழுத் தொகையையும் கேட்டால் காரணம் கேட்கலாம்.

சுத்தம் செய்வதில் முதல் எதிரி ஈரம். ஜூனில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நீளும் மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். குளிர்காலத்தில் அறைச் சூட்டால் சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து சட்டத்தைக் கறுப்பாக்கும். நம் ஊரில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புச் சூடு எவ்வளவு இருந்தாலும் ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் காய் கெட்டுவிடும். இந்த அறைகளும் அப்படித்தான். 2003-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் 24 மணி நேரமும் ஓடும் காற்றோட்ட விசிறி சட்டப்படி உண்டு. மின்கட்டணத்துக்குப் பயந்து அதை நிறுத்துவது பூஞ்சைக்கு வழிவிடுவதாகும். குளித்ததும் சுவர் நீரை வழித்துவிட வேண்டும். தரையில் விரித்த மெத்தையைக் காலையில் மடித்து நிமிர்த்தி வைக்க வேண்டும். விட்டால் அடிப்பக்கம் சில வாரங்களிலேயே கறுத்துப் புள்ளி விழும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் சில விரற்கடை தள்ளி வைப்பது நல்லது.

துப்புரவுப் பொருள்களில் மூன்று வகை போதும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா வகைக் காரத் தூள், குழாயிலும் கழிப்பறையிலும் படியும் வெள்ளைக் கறைக்குச் சிட்ரிக் அமிலம், பூஞ்சைக்குக் குளோரின் திரவம். பின்னிரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சு வாயு எழும். சன்னலில்லாத குளியலறையில் அது உயிரையே பறிக்கும். 'கலக்காதே, அபாயம்' என்று புட்டிகளில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது இதனால்தான்.

சமையல் மேடைக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு கதவுதான். கடுகு தாளிக்கும் முன் எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு, அடுப்பைச் சுற்றி அலுமினியத் தடுப்பை நிறுத்தினால் சுவர் தப்பும். விசிறியின் வடிகட்டிக்கு மேல் ஒட்டும் மெல்லிய உறையும் தடுப்பும் நூறு யென் கடைகளிலேயே கிடைக்கும். வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அதற்கென விற்கும் தூளைச் சூடாக இருக்கும்போதே கலந்தால் எண்ணெய் ஆறியதும் கட்டியாகிவிடும். அதை எரியும் குப்பையில் சேர்க்கலாம். ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட். ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் மிக்ஸி நேராகச் செருகினால் சரியாக ஓடாது. அதற்கு மின்மாற்றி வேண்டும், அதுவும் இடத்தை அடைக்கும். சுவர்கள் மெல்லியவை என்பதால் இரவில் மிக்ஸி ஓட்டுவதும் இடிகல்லில் இடிப்பதும் புகாரில் முடியும்.

பொருள்களை ஒழுங்குபடுத்துவதைக் குப்பை விதியிலிருந்து தொடங்குவதே சரி. எரியும் குப்பை, எரியாதது, மறுசுழற்சிக்கானது என ஒவ்வொன்றுக்கும் கிழமை உண்டு. உரிய நாளின் காலையில்தான் வெளியே வைக்க வேண்டும். டோக்கியோவின் 23 வட்டங்களில் ஒரு பக்கம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டரைத் தாண்டும் பொருள் பெருங்குப்பை. அதற்கு முன்பதிவு செய்து, பணம் கட்டி, ஒட்டுச்சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஏர் கண்டிஷனர் ஆகிய நான்கும் 2001 முதல் தனிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மறுசுழற்சிக் கட்டணம் இல்லாமல் அவற்றைக் கழிக்க முடியாது. ஆகவே ஒரு நாற்காலி வாங்கும்போதே அது எப்படி வெளியேறும் என்பதையும் யோசித்தாக வேண்டும். கழற்றி மடிக்கக்கூடியது, அடுத்தவருக்குக் கைமாற்றக்கூடியது என்றால் கவலையில்லை.

ஒழுங்குக்கு ஜப்பானியத் தொழிற்கூடங்கள் வகுத்த '5எஸ்' முறையில் முதற்படி, வேண்டாததைப் பிரித்தெடுப்பது. அடுக்குவது இரண்டாவதாகத்தான் வருகிறது. வீட்டு ஒழுங்கு ஆலோசகர் மாரி கோண்டோவின் முறை, அறை அறையாகப் போகாமல் வகை வகையாகப் போகிறது: முதலில் உடைகள், பிறகு புத்தகங்கள், காகிதங்கள், மற்ற சாமான்கள், கடைசியில் நினைவுப் பொருள்கள். அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைச் செம்பைப் பற்றி முதல் நாளே முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது இந்த வரிசையின் வசதி.

பழைய பாணி வீடுகளின் சுவரலமாரி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் ஆழம் கொண்டது. நடுவில் ஒரு தட்டு இருக்கும். படுக்கை மேலே, கனமானவை கீழே, பருவம் மாறினால் வேண்டியவை பின்னால் என்பது வழக்கம். ஆணி அடிக்க முடியாத இடங்களில் இரு சுவர்களுக்கிடையே அழுந்தி நிற்கும் சுருள்வில் கம்பி உதவும். அரிசியும் மசாலாவும் காற்றுப்புகாத டப்பாவில் இருந்தால்தான் மழைக்காலத்தைத் தாண்டும்.

அடுக்கும்போதே நிலநடுக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அண்மைக்கால நிலநடுக்கங்களில் காயமடைந்தோரில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்குக் காரணம், சாமான்கள் சாய்ந்ததோ விழுந்ததோ நகர்ந்ததோதான் என்கிறது டோக்கியோ தீயணைப்புத் துறை. தலைமாட்டில் உயரமான அலமாரியும், கதவை அடைக்கும் பெட்டியும் கூடாது. சுவரில் துளையிட முடியாத வாடகை வீட்டில், கூரைக்கு முட்டுக் கொடுக்கும் கம்பியையும் அடியில் வைக்கும் ஆப்பையும் சேர்த்துப் பயன்படுத்துவார்கள்.

அலங்காரம் இவற்றுக்குப் பிறகு வருவது. குண்டூசியால் மாட்டும் துணிச் சித்திரம், மஞ்சள் ஒளி விளக்கு, தரைவிரிப்பு ஆகிய மூன்றுமே அறையை மாற்றிக் காட்டும். 31 மீட்டரைத் தாண்டும் அடுக்குமாடியில் எந்தத் தளத்தில் இருந்தாலும் தீத்தடுப்புச் சான்றுள்ள திரைச்சீலைதான் போட வேண்டும்; ஊரில் தைத்த சீலை அங்கே ஆகாது. வாசலுக்கு வெளியேயுள்ள நடை பொதுவழி என்பதால் கோலம் உள்வாசலில் ஒட்டுக்கோலமாக இருப்பதே பொருத்தம். குத்துவிளக்கு ஏற்றத் தட்டும், திரைச்சீலையிலிருந்து இடைவெளியும் வேண்டும். பால்கனியும் தப்பிச் செல்லும் வழி. பக்கத்து வீட்டுக்கு உடைத்துப் போகும் தடுப்புப் பலகையின் முன் துளசித் தொட்டி வைக்கக் கூடாது.

ஆண்டு முடிவில் ஜப்பான் முழுவதும் பெருந்துப்புரவு நடக்கும். கோயில்களில் டிசம்பர் 13 ஒட்டடை அடிக்கும் நாள். போகிக்கு ஒரு மாதம் முன்னதாக வரும் அந்த வாரங்களில் விசிறி வடிகட்டி, ஏர் கண்டிஷனர் வலை, அலமாரியின் பின்புறம் ஆகியவற்றைக் கழுவித் துடைப்பது வழக்கம். புத்தாண்டை ஒட்டிச் சில நாள் குப்பை வண்டி வராது என்பதால் கழிப்பவற்றை அதற்கு முன்பே கழித்துவிட வேண்டும். வீடு மாறும்போது பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஒரு மாத முன்னறிவிப்புக் கேட்கும். பெருங்குப்பை முன்பதிவையும் அதே நாளில் செய்துவிடலாம். கடைசி நாளன்று முகவர் வந்து அறையைப் பார்வையிடுவார். குடிபுகுந்த நாளில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு சாவியை ஒப்படைத்தால் முன்பணக் கணக்கு பெரும்பாலும் தகராறில்லாமல் முடியும்.

அன்புடன்,
டோக்கியோவிலிருந்து ஓர் ஆனைக்கரைக்காரர்