கல்லில் இல்லாத பெயர்

சீனக் கடற்கரையிலே சுவான்சௌ என்றொரு நகரம். கி.பி. 686-இல் எழுந்த கையுவான் புத்தர் கோயில் அதன் பெருமை. அக்கோயிலின் பெருமண்டபத்துப் பின்புறம் சென்று பாருங்கள்: நரசிம்மனும் கண்ணனும் செதுக்கப்பட்ட தூண்கள் இரண்டு நிற்கின்றன! அழிந்துபோன இந்துக் கோயிலின் தூண்கள் அவை.

1281-இல் அந்நகரில் சிவனை எழுந்தருளச் செய்தவர் சம்பந்தப்பெருமாள் எனத் தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. சீனத்தை ஆண்ட கானின் நலத்தையும் வேண்டுகிறது. உளி பிடித்தவன் பெயரோ அதில் இல்லை!

ஆயினும் அவன் தொழில் அழியவில்லை. நகரை அடுத்த ஹுயியானில் இன்றும் உளியோசை ஒலிக்கிறது. 2021-இல் கையுவான் உள்ளிட்ட அந்நகரச் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. கல்லைக் காப்பது கடமையே. கல்லுக்கு உயிரூட்டும் கைக்கு உரிய கூலியும் மதிப்பும் தராமல் மரபைக் காத்தோம் எனக் கூறல் தகுமோ?