‘என்பார்கள்’ என்ற ஒரு சொல்

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே போனால் கோவளம். கடலோரத்தில் தமீம் அன்சாரி தர்கா. நபித்தோழர் ஒருவரின் உடல் பேழையில் மிதந்து வந்து இங்கே கரைசேர்ந்தது என்பது ஊர் நம்பிக்கை. அதே வண்டலூரில், கீழக்கரைக்காரரான பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1984இல் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. தாம்பரம் வட்டாரத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான். அவர்களுக்கு மகான்களின் வரலாற்றை எப்படி எழுதிக் கொடுப்பது? அற்புதங்களைச் சரமாகக் கோப்பது பழைய வழி. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்லவர், சீர்திருத்தவாதி என்று நிறுத்துவது புதிய வழி. எகிப்திய எழுத்தாளர் ஹைக்கல் 1935இல் எழுதிய நபி வரலாறு, குர்ஆன் ஒன்றே நபியின் அற்புதம் என்றது. பெரியாரும் அண்ணாவும் பேசிய மீலாது மேடைகளிலும் சமத்துவம் சொன்ன நபியே முன்னால் நின்றார். அந்த மேடைகளுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் மேடைக்குப் போதுமானது நூலுக்குப் போதாது.

அற்புதங்களைச் சுரண்டினால் ஆளோடு ஊரும் போய்விடுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, நெல் விளைகிறது. நபி ஒரு மானுக்குப் பிணை நிற்கிறார். அந்த மழையையும் நெல்லையும் புவியியல் பிழை என்று யாரும் திருத்துவதில்லை. வள்ளல் சீதக்காதி காலத்துத் தமிழ் முஸ்லிம் தன் நபியை எந்த மண்ணில் வைத்துப் பார்த்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

அப்படியானால் படித்த பிள்ளையை நம்பச் சொல்கிறாயா என்று பகுத்தறிவாளர் கேட்பார். இல்லை, யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதைச் சேர்த்தே எழுதச் சொல்கிறேன். இது மேற்கிலிருந்து வாங்கிய பழக்கமும் அல்ல. எட்டாம் நூற்றாண்டில் நபி வரலாறு தொகுத்த இப்னு இஸ்ஹாக், உறுதியில்லாத செய்திகளுக்கு முன்னால் ‘என்று கூறுகிறார்கள்’ என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்துவிட்டே நகர்ந்தார். அறிவிப்பாளர் வரிசையை எடைபோடுவதற்கென்றே ஹதீஸ் அறிஞர்கள் தனிக் கலையை வளர்த்தார்கள். தர்காக் கதைகளை எழுதுவதே ஏகத்துவத்துக்கு இழுக்கு என்போருக்கும் இதுவே பதில்: பதிவு செய்வது வணங்குவது ஆகாது. பக்தர் மனம் புண்படுமே என்ற கவலைதான் கனமானது. ஆனால் பேரன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரிப்பதைவிட, ‘என்பார்கள்’ என்று நூலே முந்திச் சொல்லிவிடுவது பாட்டியின் நம்பிக்கைக்கு மரியாதை. கோவளத்து மகானின் வரலாற்றை அடுத்து எழுதுபவர் பேழையைக் கடலில் தள்ளிவிட வேண்டாம். அது யார் வாய்மொழியில் மிதந்து வந்தது என்பதை மட்டும் எழுதட்டும்.