மூலிகைக்கும் அளவு உண்டு

குளத்து மீனுக்கு நோய் வந்தால் ஆன்டிபயாடிக் போடாதே, மூலிகைச் சாறு போடு என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். இதில் பாதி சரி என்பது என் கருத்து.

கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் குளங்களில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா எப்போதும் இருக்கிறது. நெருக்கடியிலும் கெட்ட தண்ணீரிலும் மீன் சோர்ந்தால் அது தாக்கும். உடம்பில் சிவப்புப் புள்ளி, புண், வயிறு வீங்கிச் செதில் தூக்கி நிற்பது எல்லாம் அதன் வேலைதான். கண்டபடி ஆன்டிபயாடிக் கொட்டினால் பாக்டீரியா அதற்குப் பழகிக்கொள்ளும். பிறகு மீனுக்கும் கேட்காது, நமக்கும் கேட்காமல் போகலாம். குளோராம்பெனிகால் போன்றவற்றை மீன் வளர்ப்பில் அரசாங்கமே தடை செய்திருக்கிறது.

பூண்டு, மஞ்சள், வேம்பு, துளசி, கொய்யா இலை ஆகியவற்றின் சாறு இந்தப் பாக்டீரியாவை அடக்குவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். தீவனத்தில் கலந்து கொடுத்தால் மீனின் எதிர்ப்புச் சக்தி கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்கது.

ஆனால் ஆய்வுக்கூடத்துத் தட்டு வேறு, குளம் வேறு. ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் சுமார் 40 லட்சம் லிட்டர். அதில் ஒரு லிட்டர் சாற்றை ஊற்றினால் என்ன மிஞ்சும்? தவிட்டிலும் புண்ணாக்கிலும் அளந்து கலந்து கொடுப்பதில்தான் அர்த்தம் இருக்கிறது.

'செடிதானே, கெடுதல் செய்யாது' என்பதும் தவறு. குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களைக் கொல்லப் போடுவது இலுப்பைப் புண்ணாக்கு. அதுவும் செடியிலிருந்து வந்ததுதான். வேம்பும் அளவு மீறினால் மீனைக் கொல்லும்.

நாங்கள் பிரெஞ்சில் படித்தவர்கள். லூயி பஸ்தேர் எங்களுக்குப் பாடப்புத்தகத்துப் பெரியவர். தெற்கு பிரான்சில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, 1865-ல் அவரை அலேஸ் பகுதிக்கு அனுப்பினார்கள். அவர் காட்டிய வழி மருந்து அல்ல. தாய்ப்பூச்சியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோயில்லாததன் முட்டையை மட்டும் வளர்க்கச் சொன்னார். குளத்துக்கும் அதே நியாயம்தான்: நல்ல குஞ்சு, அளவான எண்ணிக்கை, சுத்தமான தண்ணீர், தேவையான சுண்ணாம்பு. மூலிகை அதற்குப் பிறகுதான்.

குமாஸ்தாவாக இருந்த காலத்தில் தேதியும் கையெழுத்தும் இல்லாத காகிதத்தை நான் மேலே அனுப்பியதில்லை. மூலிகைப் புட்டிக்கும் அந்த விதி வேண்டும். எந்தச் செடி, எந்தப் பாகம், ஒரு கிலோ தீவனத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள், யார் சோதித்தது என்று எழுதியிருக்க வேண்டும். 'இயற்கை' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் காசு கொடுக்காதீர்கள். மீன் வளர்க்கும் உங்கள் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் குளம் வெட்டியவனுக்கு ஒரு போகம் போனாலே எழுந்திருப்பது கஷ்டம்.