எழுத்தாளன் எழுவது எதனால்? அதிர்ஷ்டத்தாலா, தனி உழைப்பாலா?

எழுத ஆசைப்படும் நம் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான உபதேசங்கள் கிடைக்கின்றன.

“எழுதிப் பெயர் எடுப்பதெல்லாம் அதிர்ஷ்டமப்பா! தலையில் எழுதியிருந்தால் வரும்” என்கிறது ஒரு குரல். “அதிர்ஷ்டமாவது மண்ணாங்கட்டியாவது! உழைத்தவன் உயர்வான்; உயராதவன் உழைக்காதவன்” என்கிறது இன்னொரு குரல்.

கேட்பதற்கு இரண்டும் எதிரெதிராகத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எழுத உட்காருகிறவனுக்கு அடுத்த வேளைச் சோறு உண்டா, விளக்கு உண்டா, ஓய்வு உண்டா, எழுதியதை அச்சேற்றும் பணம் யார் பையில் இருக்கிறது? இந்தக் கேள்விகளை இரண்டு குரல்களும் கேட்பதில்லை. கேட்கவிடாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை!

உழைக்காமலா மாண்டார்கள்?

உழைத்தவன் உயர்வான் என்கிறார்களே, பாரதி உழைக்கவில்லையா? 1920ல் கடயத்திலிருந்து அவர் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்தை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் பிரதிகளாக அச்சிட வேண்டும், கடன் தாருங்கள் என்று கேட்டார். எழுத்து தயாராக இருந்தது, மூலதனம் வரவில்லை. மறு வருஷம், 39 வயதுகூட நிரம்பாமல், அவர் கண்ணை மூடினார். 1949ல் சென்னை அரசு அவருடைய நூல்களின் உரிமையை வாங்கிப் பொதுச் சொத்தாக்கியது. இறந்து 28 வருஷங்களுக்குப் பிறகுதான் பாரதிக்கு ‘அதிர்ஷ்டம்’ வந்ததா? இல்லை. பாட்டு அன்று எழுதிய அதே பாட்டுத்தான். விடுதலை இயக்கம் ஜனங்களைத் தட்டி எழுப்பியது. எழுந்த ஜனங்கள் பாரதியைக் கேட்டார்கள்.

புதுமைப்பித்தன் சோம்பேறியா? தமிழ்ச் சிறுகதையின் முகத்தையே மாற்றியவர் 1948ல், 42 வயதில், காசநோயால் இறந்தார். அவர் உழைப்பில் எந்தக் கனவான் குறை காண்பான்?

உயர்ந்தவர்கள் எப்படி உயர்ந்தார்கள்?

“மு.வ.வைப் பாருங்கள்” என்பார்கள். நம் பழைய வட ஆர்க்காடு ஜில்லாக்காரர்தான். பாராட்ட வேண்டியவர்தான். திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், தாமே படித்து 1935ல் வித்துவான் தேர்வில் தேறினார். ‘அகல் விளக்கு’ நாவலுக்கு 1961ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. 1971ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பெரிய உழைப்பு! ஆனால் அந்த உழைப்புக்குக் கால் ஊன்ற இடம் இருந்தது. பள்ளிப் படிப்பு இருந்தது. பிறகு ஆசிரியர் வேலை, மாதச் சம்பளம் இருந்தன. சுண்ணாம்புத் தொட்டியில் நாளெல்லாம் நின்று கையும் காலும் வெந்து வீடு திரும்புகிறவனுக்கு இதில் எது இருக்கிறது?

“ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு நின்றவராயிற்றே! 2002ம் ஆண்டின் ஞானபீடப் பரிசு பெறவில்லையா?” என்று அடுத்த அஸ்திரத்தை வீசுவார்கள். பெற்றார். எப்படி? சிறு வயதில் சென்னைக்கு வந்த அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூனில் வளர்ந்தார். அங்கே சோறு இருந்தது; புத்தகம் இருந்தது; ஜீவாவைப் போன்றவர்களின் பேச்சு இருந்தது; ஜனசக்தி அச்சகத்தில் வேலை இருந்தது. பின்னாளில் அவர் கட்சியை விட்டு விலகினார், காங்கிரஸ் மேடையில் பேசினார். அது வேறு வழக்கு. பள்ளி கைவிட்ட ஒரு பையனை ஒரு கூட்டு வாழ்க்கை தாங்கிப் பிடித்தது என்பதை யாராலும் மறுக்க முடியாது. திறமை அவருடையது, திறமைக்குத் தண்ணீர் வார்த்தது கூட்டம்.

தற்செயல் என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஒரு பத்திரிகையாசிரியர் கண்ணில் ஒரு கதை படுவதும், படாமல் போவதும் உண்டு. ஆனால் கதை எழுதித் தபாலில் சேர்த்தவனுக்குத்தான் அந்தத் தற்செயலும்! எழுதவே முடியாதவனுக்கு ஏது அதிர்ஷ்டம்?

நம் கதையை யார் எழுதுவது?

டி. செல்வராஜ் 2010ல் ‘தோல்’ நாவலைத் தந்தார். திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளிகளின் போராட்டமே அதன் பொருள். 2012ல் சாகித்திய அகாதமி பரிசு அதற்குக் கிடைத்தது. வக்கீலான அவர் தொழிலாளி பக்கம் நின்றதால் அந்த நாவல் பிறந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் நம் வட்டாரத்துக் கதையை, தொட்டியில் நின்றவனே எழுதும் நாள் எப்போது?

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதையும் ‘விதி’ என்றுதானே சொன்னார்கள்? கவனியுங்கள், தோழர்களே! எழுத்தாளன் உயர்ந்தால் அதிர்ஷ்டம். தொழிலாளி செத்தால் விதி. சொல் இரண்டு, நோக்கம் ஒன்று: காரணத்தைத் தேடாதே!

நாம் தேடுவோம். எழுத்துக்கு முதல் தேவை நேரம். 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என முதலமைச்சர் அறிவித்தார். அன்று காப்பாற்றப்பட்ட நான்கு மணி நேரத்தில் எத்தனை கதைகள் ஒளிந்திருக்கின்றனவோ, யார் கண்டது?

இரண்டாவது தேவை புத்தகம். 1948ம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அது நம் பணம். கிராமங்களில் கட்டிய நூலகங்கள் பல பூட்டிக் கிடப்பது ஏன்? கணியம்பாடி வட்டாரத்திலிருந்து விடியுமுன் ஷூ கம்பெனி வண்டி ஏறும் பெண், இரவு திரும்பும்போது நூலகம் திறந்திருக்க வேண்டாமா? கிராம சபையில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்.

மூன்றாவது தேவை, காது கொடுத்துக் கேட்கும் கூட்டம். சங்க ஆபீஸில் வாரம் ஒரு மாலை, தொழிலாளி எழுதியதைத் தொழிலாளிகள் கேட்கட்டும், குறையைச் சொல்லட்டும், நல்லதை அச்சேற்றட்டும்.

எழுதத் துடிக்கும் இளைஞனே! உழை, உழைக்காமல் ஒரு வரியும் வராது. ஆனால் உன் உழைப்புக்கு நேரமும் புத்தகமும் மேடையும் வேண்டும். அவற்றை அதிர்ஷ்டம் கொண்டுவந்து தராது. சங்கத்தில் சேர்ந்து போராடிப் பெற வேண்டும்!